நம்பிக்கையும் நாணயமும்

நாணயம் என்றொரு சொல் நம் மொழியிலே வழங்குகிறது. கையிலே புழங்கும் காசுக்கும் அதுவே பெயர். சொன்ன சொல் தவறாத பண்புக்கும் அதுவே பெயர். சிற்றூர்க் கடன் சங்கங்களை முன்னாளில் ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்று அழைத்தனர். ஆகவே ஒருவரை நம்பிக் கடன் கொடுப்பதற்கும் அதுவே பெயராயிற்று. காசு, நேர்மை, நம்பிக்கை - மூன்றும் ஒரு சொல்லுக்குள் அடங்கி நிற்கின்றன. வாழ்விலே அவை ஒன்றாக நிற்கின்றனவா? நிற்கச் செய்தல் இயலுமா? இக்கேள்வியை நாம் ஏடுகளைப் புரட்டி எழுப்பவில்லை. நம் கண்ணெதிரே நடந்த, நாமும் உடனிருந்து வாய்மூடி நின்ற, ஒரு தவறுதான் இதனை எழுப்பிற்று.

நாஞ்சில் நாட்டிலே நாம் ஆசிரியப் பணியாற்றும் ஊரில் ஏலச்சீட்டு ஒன்று நடந்தது. நாற்பது பேர், மாதம் 2,500 ரூபாய், நாற்பது மாதம். திரளும் ஒரு இலட்சத்தை மாதத்துக்கு ஒருவர் ஏலத்தில் தள்ளி எடுப்பார். தள்ளிய தொகை மற்றவர்க்குப் பங்காகும். முந்தி எடுப்பவருக்கு அது கடன். பிந்தி எடுப்பவருக்கு அது சேமிப்பு. எளிய மக்கள் கண்ட நல்ல ஏற்பாடு, ஐயமில்லை. நடத்தியவர் ஊரிலே மதிக்கப்பட்டவர். வெள்ளுடை, விழாக்களிலே முதல் நன்கொடை, எவர் வீட்டுத் துயரானாலும் முதல் ஆளாக வருகை! அவரிடம் சீட்டுப் போடுவதையே பெருமையாகக் கருதினர் பலர். நாமும் ஒரு சீட்டுக்காரர்.

முந்திரி ஆலையிலே வேலை செய்யும் ஒரு தாயும் சேர்ந்திருந்தார். மகள் நம்மிடம் படித்தவள். மகளின் கல்லூரிச் செலவுக்கென்று சீட்டை எடுக்காமல் கடைசிவரை காத்திருந்தார். இருபத்தொன்பதாம் மாதம், ஏலம் முடிந்த வேளையில், அந்தத் தாய் மெல்லக் கேட்டார்: “கணக்குப் புத்தகத்தை ஒருக்கா பார்க்கலாமா?”

எழுந்தது சீற்றம்! நடத்தியவரிடமிருந்து அன்று, சுற்றி இருந்தவர்களிடமிருந்து. “பெரியவரைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா? நம்பிக்கை இல்லையென்றால் ஏன் சேர்ந்தாய்?” என்று பாய்ந்தனர். தலைகவிழ்ந்தார் அந்தத் தாய். அவர் கேட்டது சரி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நாள்தோறும் கரும்பலகையிலே கூட்டலும் கழித்தலும் கற்பிக்கும் நாம், அன்று ஒரு கூட்டலைச் சரிபார்க்க அஞ்சினோம். முப்பத்துமூன்றாம் மாதம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பதிவு செய்யப்படாத சீட்டு. பற்றிக் கொள்ள ஒரு தாளும் இல்லை.

நம் சம்பளம் அந்த இழப்பைத் தாங்கிற்று. அந்தத் தாயின் கூலி தாங்கவில்லை. மகள் கல்லூரிக்குச் செல்லவில்லை, துணிக்கடையிலே நிற்கிறாள். அந்தத் தாய் நம்மிடம் சொன்னது ஒரே சொல்: “நீங்க இருக்கிய இல்லியா, அத நம்பித்தான் நானும் சேந்தேன் சாரே.”

தோழர்களே, அச்சொல் இன்னும் நம் செவியை விட்டு அகலவில்லை. ஓடியவர் ஒருவர், ஓடுவதற்கு வழிவிட்டவர் முப்பத்தெட்டுப் பேர். கணக்குக் கேட்பது நம்பிக்கைக் கேடு என்று எண்ணினோமே, அந்த எண்ணம் அறமா? இதுதான் நாம் ஆராய விரும்பும் கேள்வி.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்டவர் உடனே ஒரு முடிவுக்கு வருகின்றனர். “ஊர்ச் சீட்டும் வேண்டா, ஊர்ச் சங்கமும் வேண்டா, பெரிய வங்கிக்குப் போ, அங்கே போட்டால் போட்டபடி இருக்கும்” என்கின்றனர். இதில் உண்மை இல்லாமலில்லை. 1969 சூலையில் பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமையான பிறகுதான் பல சிற்றூர்கள் வங்கியின் வாயிலையே கண்டன. அந்த நன்மையை நாம் மறக்கவில்லை.

ஆனால், முந்திரி ஆலைத் தொழிலாளி அந்த வாயிலிலே சென்று நின்றால் என்ன நேரும்? சேமிப்பு என்றால் இரு கை நீட்டி வரவேற்பர். கடன் என்றால், ஈடு எங்கே, பிணையாளர் எங்கே, வருமானச் சான்று எங்கே என்பர். ஊரிலே துளித்துளியாகத் திரண்ட பணம் ஊரிலேயே கடனாகத் திரும்பும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. 1945-இல் நம் பழைய சீமையின் பெயரால் தோன்றிய திருவிதாங்கூர் வங்கி, பின்னாளில் ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, 2017 ஏப்ரல் முதல் நாளன்று பெருங்கடலிலே கலந்துவிட்டது. அதனால் பணத்துக்குக் கேடில்லை. ஆனால், முடிவெடுக்கும் மேசை இன்னும் தொலைவுக்குச் சென்றுவிட்டது.

தொலைவிலே எடுக்கப்படும் முடிவு எப்படி வந்து தாக்கும் என்பதையும் கண்டோம். 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய்த் தாளும் 1,000 ரூபாய்த் தாளும் செல்லாமற் போயின. ஆறாம் நாள், மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய தாளை வாங்கவும் மாற்றவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. உழவனும் கூலித் தொழிலாளியும் அறிந்திருந்த வாயில் எதுவோ, அந்த வாயிலே அடைக்கப்பட்டது. ஏன் என்று கேட்க அவர்களால் இயன்றதா? இயலவில்லை. பெரிய வங்கியிலே பணம் கரையாமல் இருக்கலாம், கேள்வி கரைந்துவிடுகிறது.

“அப்படியானால் நமக்கென்று தனி நாணயம் வேண்டும், நம் ஊர்ப் பணம் நம் ஊரிலேயே சுற்ற வேண்டும்” என்று கிளம்புகின்றனர் வேறு சில இளைஞர்கள். ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால், தனி நாணயம் என்பது நாம் காணாத புதுமையா? 1949 வரை நம் மண்ணிலே தனி நாணயந்தானே செலாவணியில் இருந்தது! பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளையர் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். கடுகு போன்ற வெள்ளிச் சக்கரங்களை எண்ணுவதற்கென்றே குழி குழியாகச் செய்த பலகை வைத்திருந்தனர்.

நம் சீமை, நம் காசு, நம் கணக்கு! அந்தக் காசு புழங்கிய சீமையிலே, தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் தலைக்கு வரி கட்டினர். நம் தாய்மார் தோள்சீலை அணியும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்தது. அயலூர்க் காசு அவர்களை அடக்கவில்லை. உள்ளூர்க் காசுதான் அடக்கியது. காசுக்கும் மூத்த நாணயம் நெல். நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம். உழவுத் தொழிலாளியின் கூலி மரக்காலால் அளக்கப்பட்டது. அதைவிட உள்ளூர் நாணயம் வேறு உண்டோ? ஆனால் மரக்கால் எவர் கையில் இருந்தது? அளந்தவர் பண்ணையார்; அளவைப் பார்த்து நின்றவர் தொழிலாளி. தலைதட்டி அளந்தாலும், குறைத்து அளந்தாலும், “அளவு சரியா?” என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. உள்ளூர் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்பதற்கு நம் வரலாறே சான்று.

வெளிநாட்டிலே நடந்த ஆய்வையும் காண்போம். ஆஸ்திரிய நாட்டில் வோர்கல் என்றொரு சிறு நகரம். உலகெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1932-ஆம் ஆண்டில், அந்நகரத் தலைவர் மைக்கேல் உண்டர்குக்கன்பெர்கர் நகராட்சியின் பெயரால் சீட்டுப் பணம் வெளியிட்டார். மாதந்தோறும் நூற்றுக்கு ஒரு பங்கு மதிப்புக் குறையும் பணம் அது. குறைந்த அளவுக்கு வில்லை வாங்கி ஒட்டினால்தான் செல்லும். பதுக்கினால் நட்டம், செலவிட்டால் நட்டமில்லை. ஆகவே பணம் கைமாறிக்கொண்டே இருந்தது. சாலைகள் செப்பனிடப்பட்டன, பாலம் எழுந்தது, வேலையற்றோர் கூலி பெற்றனர். 1933 செப்டம்பரில் நாட்டின் மைய வங்கி தலையிட்டு நிறுத்திற்று.

இதைச் சொல்லும் நண்பர்கள் ஒன்றை விட்டுவிடுகின்றனர். வெளியிட்ட சீட்டுக்கு ஈடாக உண்மைப் பணம் உள்ளூர்ச் சேமிப்பு வங்கியிலே வைக்கப்பட்டிருந்தது. “இத்தாளுக்குப் பின்னே என்ன இருக்கிறது?” என்று எவர் கேட்டாலும் காட்டுவதற்கு விடை இருந்தது. புதுமையான தாளைவிட, கேட்டவருக்கு விடை சொல்ல முடிந்ததே அதன் வலிமை.

நம் நாட்டிலே, 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டப்படி, கையிலிருப்பவர் கேட்டதும் பணம் தரும் தாளை ஊர்ச் சங்கம் அச்சிட முடியாது. அதே 1934-இல் சுவிட்சர்லாந்தின் சிறு வணிகர்கள் வேறு வழி கண்டனர். ‘வீர்’ என்ற கூட்டுறவு வட்டத்தை அமைத்து, தாளே இன்றி, ஒருவர் கணக்கிலே பற்றும் மற்றவர் கணக்கிலே வரவுமாகத் தமக்குள் கொண்டு கொடுத்தனர். இன்றும் வங்கியாக நிலவுகிறது அது. அங்கே புத்தகந்தான் நாணயம். புத்தகம் பொய்யானால் நாணயமும் பொய். எங்கு சுற்றினும் நாம் வந்து சேருவது அந்தத் தாய் கேட்ட புத்தகத்திடந்தான்!

புத்தகத்தை மக்கள் காணாதபோது நேர்ந்தது என்ன? 1937-இல் இரு வங்கிகள் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் குயிலான் வங்கி ஆயிற்று. அடுத்த ஆண்டு சூனிலே கதவடைத்தது. திவான் சி. பி. இராமசாமி ஐயரின் அரசியல் பகையே காரணம் என்பார் உண்டு. நிருவாகக் குறையே காரணம் என்பாரும் உண்டு. வழக்கு யார் பக்கம் ஆயினும், வயிறெரிந்தவர் பணம் போட்டவர். 1960 ஆகஸ்டில், கேரளத்தின் மிகப்பெரிய வங்கியாக விளங்கிய பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அந்த அலறலுக்குப் பிறகே வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. 1962 சனவரி முதல் நாள் தொடங்கியபோது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு. 2020 முதல் 5 இலட்சம் ரூபாய். ஆனால் இளைஞர்களே, குறித்துக்கொள்ளுங்கள்: வங்கியிலே போட்ட பணத்துக்குத்தான் இக்காப்பு. சிற்றூர்த் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்திலே போட்ட பணத்துக்கு இக்காப்பு இல்லை, சீட்டுக்கும் இல்லை. எங்கே ஏழையின் பணம் இருக்கிறதோ, அங்கே அரசின் காப்பு மெலிந்திருக்கிறது. ஆகவே அங்கே ஏழையின் கேள்வி வலுத்திருக்க வேண்டும்.

அப்படி வலுத்த இடம் ஒன்று நம் மாவட்டத்திலேயே உண்டு. கடற்கரைக்குச் சென்று காணுங்கள். வள்ளமும் வலையும் வாங்க மீனவருக்கு வணிகர் முன்பணம் கொடுப்பார். வட்டி கேட்கமாட்டார், என்னே பெருந்தன்மை! ஆனால் பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொன்னதே விலை, எடுத்ததே கழிவு. தந்தை வாங்கிய முன்பணத்துக்கு மகன் மீன் போடுவான். இந்தக் கட்டை அறுக்க எழுந்தன மீனவர் சங்கங்கள். சிற்றூர்ச் சங்கம், மாவட்டக் கூட்டமைப்பு, அவற்றுக்கு மேலே 1980-இல் பதிவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்று படிப்படியாக அவை வளர்ந்தன.

அவர்கள் செய்தது மந்திரமன்று. மீனைக் கரையிலே, பலர் காண, சங்கமே ஏலமிடும். விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, ஒரு சிறு பங்கு சங்கச் செலவுக்கு. மீதி மீனவர் கைக்கு. மீன் பட்ட நாளிலே தவணை கூடும். படாத நாளிலே தவணையே இல்லை. கடலுக்குச் சென்று தொழில் செய்பவரே உறுப்பினர். வணிகருக்கும் வட்டிக்காரருக்கும் இடமில்லை. தொடக்கத்தில் கிறித்துவத் தொண்டர்கள் சிலர் ஊக்கம் தந்தனர். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் சங்கத்தை நிலைநிறுத்தியது செபமன்று, விற்பனைச் சீட்டு. இத்தனைக்கு விற்றது, இத்தனை கழிந்தது, இத்தனை மீதி - இது எழுத்திலே இருந்தது. எழுத்தைக் காட்டிக் கேட்கலாம். கேட்டால் எவரும் சினப்பதில்லை. ஏனெனில் அங்கே எவரும் ‘பெரியவர்’ இல்லை.

ஜெர்மனியிலே ரைஃபைசன் 1864-இல் ஹெடெஸ்டார்ஃப் என்ற ஊரில் அமைத்த கடன் சங்கத்தின் அடிப்படையும் இதுவே. சங்கம் பட்ட கடனுக்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் உடைமை முழுவதையும் பொறுப்பாக்கினர். பக்கத்து வீட்டுக்காரன் கடனுக்கு என் நிலம் பிணை என்றால், கணக்கைப் பாராமல் நான் உறங்குவேனா? அவர்கள் ஒருவரையொருவர் நம்பினர்; நம்பியதனாலேயே கேட்டனர். 1904-இல் நம் நாட்டிலே கூட்டுறவுச் சட்டம் வந்து, அவ்வாண்டே திருவள்ளூருக்கு அருகில் திரூரிலே முதற் கடன் சங்கம் தோன்றிற்று. வடிவம் வந்தது, அந்தக் கேட்கும் பழக்கம் எவ்வளவு வந்தது? தேர்தலின்றித் தனி அலுவலர் ஆட்சியிலே பல்லாண்டுகள் சங்கங்கள் கிடந்தபோது, “எங்கள் சங்கம்” என்று கேட்க எத்தனை பேர் எழுந்தனர்?

இங்கே சாதிப் பற்றாளர் ஒருவர் குறுக்கிடுவார்: “நம்மவரிடம் போட்டால் ஏமாற்றமாட்டார், சாதிக்குள்ளே வங்கி வைப்போம்.” பிறர் கடை வாயிலிலே நிற்கவிடாத காலத்தில், தன் காலில் நிற்கச் சிலர் அவ்வழி சென்றது உண்டு. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது அவ்வாறே. அன்று அது தாழ்த்தப்பட்டோரின் தற்காப்பு. ஆனால் அந்த வங்கியே 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. சாரம் கட்டி எழுப்பிய கட்டடத்தில், கட்டி முடித்தபின் சாரத்தைப் பிரிப்பதுதானே முறை! இன்று சாதியைப் பிணையாகக் காட்டுபவர் கணக்கைக் காட்டத் தயங்குபவராகவே இருப்பார். நம் சீட்டை நடத்தியவரும் பலருக்கு ‘நம்மவர்’தான்.

இப்போது மூலக் கேள்விக்கு வருவோம். கணக்குக் கேட்பது நம்பிக்கைக் கேடா? “ஏழைகளிடம் இருப்பதெல்லாம் ஒருவர் மீது ஒருவர் கொண்ட நம்பிக்கை ஒன்றே, அதையும் கேள்வியால் துளைத்தால் என்ன மிஞ்சும்?” என்று நல்லெண்ணம் கொண்டோரே கேட்கின்றனர். எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று இது. அறிமுகமும் அன்புந்தான் ஊர்ச் சங்கத்தின் முதல். முகமறியாப் பெரிய வங்கியினும் அது உயர்ந்து நிற்பதும் அதனாலேயே.

ஆனால் நம்பிக்கையிலே இருவகை உண்டு. ஒன்று, கேள்வியைக் கண்டு சினப்பது. மற்றொன்று, கேள்விக்கு விடை தந்து வளர்வது. முன்னதற்குப் பெயர் பக்தி. அது கோயிலிலே இருந்தாலும், கட்சியிலே இருந்தாலும், சீட்டுப் பிடிப்பவர் திண்ணையிலே இருந்தாலும் ஒன்றே. “கேட்காதே, நம்பு” என்பதே அதன் மறை. பின்னதற்குப் பெயர்தான் நாணயம். கணக்குக் கேட்பவர் “நீ திருடன்” என்று சொல்லவில்லை. “நீயும் நானும் சமம்” என்று சொல்லுகிறார். நேர்மையாளருக்கு அது இழுக்கன்று, துணை. புத்தகத்தைத் திறந்து வைப்பவரைப் பழி தீண்டாது. கேளாமல் விடுவது நாம் அவருக்குச் செய்யும் மதிப்பும் அன்று. தவறுவதற்கு நாமே திறந்துவிடும் வழி.

இன்னொன்றும் உண்டு. கேளாமையின் விலையை எல்லோரும் ஒரே அளவில் கொடுப்பதில்லை. நாம் வாய்மூடியிருந்ததற்கு நாம் கொடுத்தது சில மாதச் சிக்கனம். அந்தப் பெண் கொடுத்தது தன் படிப்பை. படித்தவன் பேசாதிருந்தால், “அவரே சேர்ந்திருக்கிறார்” என்று படிக்காதவர் அந்த மௌனத்தையே சான்றிதழாக எடுத்துக்கொள்கின்றனர். நாம் வழங்கிய பொய்ச் சான்றிதழ் அது. அதற்குச் சட்டத்திலே தண்டனை இல்லை, நெஞ்சிலே உண்டு.

1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், சீட்டைப் பதிவு செய்யவேண்டும், நடத்துபவர் ஈட்டுத்தொகை கட்டவேண்டும் என்று விதிப்பதோடு, சீட்டெடுக்காத உறுப்பினருக்குப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையையும் தந்திருக்கிறது. முந்திரி ஆலைத் தாய் கேட்டது சலுகையன்று. அறம் தந்த உரிமை, பதிவு செய்த சீட்டாயின் சட்டமும் தரும் உரிமை. அதை அறிந்திருக்கவேண்டிய நாம் அறிந்திருக்கவில்லை. அறியாமலே கணக்கு வாத்தியார் என்று பெயர் வாங்கினோம்.

இவ்வாண்டு நம் ஊர்க் கடன் சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு இளைஞர் சிலருடன் சென்றோம். வழக்கம்போல் அறிக்கை ‘படித்ததாகக் கொள்ளப்பட்டு’ ஒப்புதல் பெறவிருந்தது. “உரக்கப் படியுங்கள்” என்றோம். முகம் சுளித்தனர் சிலர். “வாத்தியாருக்கு என்ன வந்தது?” என்றார் ஒருவர். படித்தனர். வராக் கடன் என்ன, யாரிடம் எவ்வளவு நாளாக நிற்கிறது என்று கேட்டோம். ஒன்றிரண்டுக்கு விடை வந்தது. ஒன்றுக்கு அடுத்த கூட்டத்தில் சொல்வதாகக் கூறினர். புரட்சி ஏதும் வெடித்துவிடவில்லை. ஆனால் கூட்டம் முடிந்தபின், முதியவர் ஒருவர் தம் சேமிப்புப் புத்தகத்தை நீட்டி, “இதில் வட்டி சரியாக ஏறியிருக்கிறதா, பார்த்துச் சொல்லு தம்பி” என்றார். எத்தனை ஆண்டுகளாக அந்த ஐயத்தை மடியிலே முடிந்து வைத்திருந்தாரோ!

இளைஞர்களே, பெரிய வங்கிகளுக்கு மாற்றாக மக்கள் வங்கி வேண்டும் என்று மேடையிலே முழங்குவது எளிது. உங்கள் ஊரிலே சங்கம் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது, சீட்டு இருக்கிறது. அவற்றின் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். எழுத்தறியாதார்க்குப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் பொறுப்பிலே இருந்தால், பிறர் கேட்குமுன் திறந்து வையுங்கள். நாளை ஏதோ ஒரு திண்ணையிலே, ஒரு தாய் “புத்தகத்தைப் பார்க்கலாமா?” என்று கேட்பார்; சுற்றி நிற்போர் சீறுவர். அப்போது, “அவர் கேட்பது சரி, எடுங்கள் புத்தகத்தை” என்று சொல்ல ஒருவர் வேண்டும். நாம் அன்று சொல்லத் தவறிய அச்சொல்லை நீங்கள் சொல்லுங்கள்.